விஷி அரசுக்குள் நடந்த சண்டைகள்: யார் யாரோடு, எதற்காக?

மணிமுத்தாறு · பதிவு 1

வணக்கம் நண்பர்களே. ஸ்டாலின்கிராட், பர்மா போர்முனை என்று இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். தோற்றுப்போன ஒரு நாட்டின் அரசுக்குள்ளே என்ன நடந்தது என்று பேசியதில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

பிரான்சின் விஷி அரசு என்றாலே எனக்கு மனதில் வந்தது ஒரே படம்தான். வயதான மார்ஷல் பெட்டேன், ஹிட்லரோடு கைகுலுக்கல், துரோகம். 1940 ஜூன் 22-ல் போர்நிறுத்த ஒப்பந்தம். வடக்கும் அட்லாண்டிக் கரையும் நேரடியாக ஜெர்மானியர் கையில், தெற்கு விஷி அரசின் கையில். ஜூலை 10-ல் விஷி ஊரின் சூதாட்டக் கூடத்தில் கூடிய நாடாளுமன்றம், 569 பேர் ஆதரவு, 80 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் பெட்டேனுக்கு முழு அதிகாரம் கொடுத்தது. இவ்வளவுதான் தெரியும்.

இப்போது படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது. அந்த வாக்கெடுப்பை முன்னின்று நடத்திக் கொடுத்தவர் பியர் லாவால். அரசில் இரண்டாம் இடம் அவருக்கு. ஐந்தே மாதத்தில், டிசம்பர் 13 இரவு, அதே அரசு அவரைக் கைது செய்கிறது! 1942 ஏப்ரலில் அவரே முன்னைவிடக் கூடுதல் அதிகாரத்தோடு திரும்பி வருகிறார். நடுவில் ஓர் அட்மிரல், ஆப்பிரிக்காவில் ஒரு ஜெனரல், பாரிசில் பெட்டேனையே திட்டும் ஒரு கூட்டம். இவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்? இவர்களில் யாராவது உண்மையிலேயே ஜெர்மனியை எதிர்த்தார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரைச்சாலை · பதிவு 2

நல்ல கேள்வி மணிமுத்தாறு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள் என்பதால் இதைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவள் நான். டிசம்பர் 13-லிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் எல்லாமே தெரிகிறது.

முதலில் இடத்தைப் பாருங்கள். விஷி ஒரு வெந்நீர் ஊற்று நகரம். பணக்காரர்கள் வயிற்றுக் கோளாறுக்குத் தண்ணீர் குடிக்க வரும் ஊர். ஹோட்டல் அறைகள் நிறைய, தொலைபேசி இணைப்பகம் நல்லது, அதனால் அரசு அங்கே போய் இறங்கியது. படுக்கையறைகள் அமைச்சகங்கள் ஆயின. ஹோட்டல் து பார்க்கின் மூன்றாம் மாடியில் பெட்டேன், அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் லாவால். கோடைக்காலத்துக்குக் கட்டிய ஊர் என்பதால் பல அறைகளில் கணப்பு கிடையாது. அந்தக் குளிரில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒருவர் அறை வாசலில் யார் நிற்கிறார்கள் என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டு ஒரு நாட்டை நடத்தினார்கள்.

பெட்டேனுக்கு 84 வயது, ராணுவ ஒழுங்கில் ஊறியவர். லாவால் பக்கத்து ஊரான ஷாத்தெல்தோனில் பிறந்து, வழக்கறிஞராகி, இரண்டு முறை பிரதமராக இருந்தவர். பேச்சிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். பாரிசுக்குப் போவார், ஜெர்மன் தூதர் ஆபெட்சோடு பேசுவார், திரும்பி வருவார். என்ன பேசினோம் என்று எழுத்தில் ஒரு வரி கொடுக்க மாட்டார். பெட்டேனின் பெரிய மனக்குறை இதுதான். கூடவே, விடாமல் சிகரெட் பிடிப்பார். மார்ஷலுக்கு அதுவும் ஆகாது.

டிசம்பரில் ஹிட்லர் ஒரு பரிசு அறிவித்தார். நெப்போலியனின் மகனுடைய சவப்பெட்டியை வியன்னாவிலிருந்து பாரிசுக்கு அனுப்புகிறார், 15-ம் தேதி விழா, பெட்டேன் வர வேண்டும். லாவால் 13-ம் தேதி பாரிசிலிருந்து வந்து வற்புறுத்தினார். மூன்றாம் மாடியில் இருந்தவர்களோ, போனால் மார்ஷலை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அவர் காதில் போட்டுவைத்திருந்தார்கள்.

அன்று இரவு அமைச்சரவை கூடியது. எல்லா அமைச்சர்களும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார் பெட்டேன். தொழில்துறை அமைச்சர் பெலேனை வெளியே அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று லாவால் நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெட்டேன் கடிதங்களோடு பக்கத்து அறைக்குப் போனார், திரும்பி வந்தார். லாவால், கல்வி அமைச்சர் ரிப்பேர் ஆகிய இருவரின் ராஜினாமா மட்டும் ஏற்கப்பட்டது என்று அறிவித்தார். லாவாலைப் போலீஸ் வண்டியில் ஏற்றி அவருடைய சொந்த மாளிகையிலேயே காவலில் வைத்தார்கள். ஊரின் தொலைபேசியைத் துண்டித்தார்கள். பாரிசில் அவருடைய கூட்டாளி மர்செல் தெயாவையும் அதே இரவு பிடித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆபெட்ஸ், ஆயுதம் தாங்கிய ஜெர்மன் காவலர்களோடு விஷிக்கு வந்து லாவாலை மீட்டுக்கொண்டு பாரிசுக்குப் போனார். தெயாவும் விடுதலை. தன் துணைத் தலைவரைப் பூட்டி வைக்கக்கூட அதிகாரம் இல்லாத அரசு என்பது அன்றைக்கே வெளிச்சமாகிவிட்டது.

வாத்தியார்_ஓய்வு · பதிவு 3

அழகாகச் சொன்னீர்கள் அம்மா. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். டிசம்பர் 13-ஐ "ஜெர்மனிக்கு எதிரான எழுச்சி" என்று போருக்குப் பிறகு பலர் எழுதினார்கள். பெட்டேனின் வழக்கில் அவர் பக்கத்து வாதங்களில் இதுவும் ஒன்று. எனக்கு ஒப்புதல் இல்லை.

சதியில் இருந்தவர்களைப் பாருங்கள். உள்துறையில் பெய்ரூத்தோன், நீதித்துறையில் அலிபேர், நிதியில் பூத்தில்லியே, கடற்படையில் தார்லான். இவர்கள் யாரும் ஒத்துழைப்பு வேண்டாம் என்றவர்கள் கிடையாது. லாவாலை நீக்கிய கையோடு பெட்டேன் ஹிட்லருக்கே கடிதம் எழுதினார், கொள்கை மாறவில்லை, ஆள்தான் மாறுகிறார் என்ற பொருளில். மோந்துவாரில் அக்டோபர் 24-ல் ஹிட்லரோடு கைகுலுக்கி, 30-ம் தேதி "ஒத்துழைப்பின் பாதையில் இறங்குகிறேன்" என்று வானொலியில் சொன்னவரும் அவர்தானே.

அப்புறம் லாவால் இடத்துக்கு ஃபிளாந்தேன் வந்தார், ஜெர்மானியர் அவரோடு பேசவே மறுத்தார்கள். இரண்டே மாதம். 1941 பிப்ரவரியில் தார்லான் வந்து துணைத் தலைவர், வெளியுறவு, உள்துறை, கடற்படை என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். வாரிசாகவும் அறிவிக்கப்பட்டார். இந்த அட்மிரல் லாவாலைவிட ஒரு படி மேலே போனார். 1941 மே 11-ல் ஹிட்லரைப் பார்த்தார். அந்த மாதக் கடைசியில் பாரிஸ் உடன்படிக்கைகள். சிரியாவின் விமானத்தளங்கள், துனீசியாவின் பிசெர்த் துறைமுகம், மேற்கு ஆப்பிரிக்காவின் தாக்கார், எல்லாம் ஜெர்மனியின் பயன்பாட்டுக்கு! லாவால் வாயால் பேசியதை இவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின்னால் கோபமும் இருந்தது. 1940 ஜூலை 3-ல் அல்ஜீரியாவின் மெர்செல்கெபீர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை, பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டதில் 1,297 மாலுமிகள் இறந்தார்கள். தார்லான் அதை மறக்கவே இல்லை.

நாற்காலி யாருக்கு என்பதில் சண்டை. போகும் திசையில் இல்லை.

செங்காந்தள் · பதிவு 4

வாத்தியார் ஐயா, மன்னிக்க வேண்டும், எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அதே பாரிஸ் உடன்படிக்கைகள் ஏன் முழுதாக நிறைவேறவில்லை? அரசுக்குள் இருந்தே ஒருவர் குறுக்கே நின்றார். ஜெனரல் வெய்கான்.

வெய்கான் வட ஆப்பிரிக்காவில் அரசின் பொதுப் பிரதிநிதி. 1941 ஜூன் 3-ல் அல்ஜியர்சிலிருந்து விமானத்தில் வந்து அமைச்சரவையில் உட்கார்ந்து சண்டை போட்டார். ஜெர்மானியர் ஆப்பிரிக்காவில் கால் வைக்க நான் விடமாட்டேன் என்றார். அடுத்த சில நாளில் விஷி அரசு, இணங்கினால் என்ன தருவீர்கள் என்று பெரிய அரசியல் சலுகைகளைக் கேட்டது. பெர்லின் மறுத்தது. தாக்காரும் பிசெர்த்தும் அப்படியே நின்றுபோயின. சிரியா மட்டும் சிக்கியது. ஜூன் 8-ல் பிரிட்டிஷாரும், லண்டனிலிருந்து பெட்டேனை எதிர்த்த தெ கோலின் படையும் உள்ளே புகுந்தார்கள், பிரெஞ்சுக்காரரைப் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள்.

வெய்கான் அமெரிக்காவோடு உணவு, எரிபொருள் ஒப்பந்தம் போட்டார். படையை ரகசியமாகப் பெருக்கினார். ஜெர்மனி நெருக்கி நெருக்கி நவம்பர் 18-ல் அவரைப் பதவியிலிருந்து தூக்க வைத்தது. ஒரு வருஷம் கழித்து அவரைப் பிடித்துக்கொண்டும் போனது. இவரையும் தார்லானையும் லாவாலையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிசெர்த்தைக் கொடுத்திருந்தால் ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மன் தளபதி ரோம்மெலுக்குத் தளவாடம் எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள்.

கடற்கரைச்சாலை · பதிவு 5

செங்காந்தள், வெய்கான் ஜெர்மனியை வெறுத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வேறுபாடு உண்மையானது, போரின் போக்கில் எடை கொண்டதும்கூட. ஆனால் அவர் ஆண்ட அல்ஜீரியாவில் ஒரு வகுப்பறைக்குள் வந்து பாருங்கள்.

1870 முதல் அல்ஜீரிய யூதர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். 1940 அக்டோபர் 7-ல் விஷி அரசு ஒரு கையெழுத்தில் அதை ரத்து செய்தது. அங்கே ஜெர்மன் சிப்பாய் ஒருவன்கூட இல்லை. வெய்கான் நிர்வாகம் யூதர்களுக்கு எதிரான சட்டங்களை நடைமுறைப்படுத்தியது மட்டுமில்லை, யூதக் குழந்தைகளுக்குப் பள்ளிகளில் அளவு வரம்பு கொண்டுவந்தது. பிரான்சிலேயே ஆரம்பப் பள்ளிக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை! கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையை, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொன்னவர் பெர்லினின் ஆள் இல்லை. உங்கள் ஜெனரலின் ஆள்.

எனக்கு இதுதான் முக்கியம். 1940 அக்டோபர் 3-ல் வந்த முதல் யூதச் சட்டத்தை ஜெர்மனி கேட்டு வாங்கியதாக ஒரு காகிதம்கூட இல்லை. அதன் வரைவு ஒன்று 2010-ல் வெளியே வந்தது. பெட்டேன் கையெழுத்தில் திருத்தங்களோடு. திருத்தங்கள் சட்டத்தை மென்மையாக்கவில்லை, கடுமையாக்கின. பிரான்சில் பிறந்த பழைய யூதக் குடும்பங்களுக்கு வரைவில் இருந்த விலக்கைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்.

1941 மார்ச்சில் யூத விவகாரங்களுக்கென்று ஒரு தலைமை ஆணையம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் சவியே வல்லா, முதல் உலகப் போரில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்தவர். ஜெர்மானியரைக் கண்டாலே ஆகாது. அவர்களோடு மோதி மோதியே 1942-ல் பதவி போயிற்று. ஆனால் யூதர்களின் வேலையையும் சொத்தையும் பறித்த சட்டங்களைத் தீட்டியவரும் அவரே. ஜெர்மனியை எதிர்ப்பதும் யூதர்களை நசுக்குவதும் ஒரே ஆளிடம் ஒரு முரணும் இல்லாமல் இருந்தன. அரசுக்குள் எத்தனையோ அணிகள் இருந்தன. இந்தச் சட்டத்துக்காக ஒருவரும் ராஜினாமா செய்யவில்லை.

வன்னிமரம் · பதிவு 6

அக்கா, ஐயா, நான் பாதியில் தொலைந்துவிட்டேன். தார்லான், நான் வேறு இடத்தில் படித்த தார்னான், இரண்டும் ஒரே ஆளா? பாரிஸ் கூட்டம் என்று மணிமுத்தாறு சொன்னது யாரை?

வாத்தியார்_ஓய்வு · பதிவு 7

இரண்டு பேர் தம்பி. தார்லான் கடற்படை அட்மிரல், 1942-ல் கதையிலிருந்து போய்விடுவார். ழோசெஃப் தார்னான் இரண்டு போர்களிலும் வீரப் பதக்கம் வாங்கிய சிப்பாய், பிறகு மிலீஸ் என்ற துணைப்படையின் தலைவர். அவர் வருவது பின்பாதியில்.

பாரிஸ் கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனால் முயல்கிறேன். விஷியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய வலதுசாரிகள். ராணுவம், கத்தோலிக்க மரபு, பெரிய தொழில், உயர் அதிகாரிகள். குடியரசை வெறுத்தார்கள், தேர்தலை வெறுத்தார்கள், ஜெர்மனியை வேறு வழியில்லாத ஒன்றாகப் பார்த்தார்கள். பாரிசில் ஜெர்மன் பணத்தில் பத்திரிகையும் கட்சியும் நடத்தியவர்களோ, பிரான்ஸ் முழுதாக நாஜி வழிக்கு வர வேண்டும் என்றவர்கள். விஷியைப் பாதிரியார்களும் பணக்காரர்களும் நடத்தும் கிழட்டு அரசு என்று தினமும் தலையங்கத்தில் திட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதில் இருவர் இடதுசாரியிலிருந்து வந்தவர்கள். தெயா முன்னாள் சோஷலிஸ்ட், தத்துவப் பேராசிரியர். ழாக் தோரியோ முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர், பாரிசை ஒட்டிய தொழிலாளர் நகரமான சேந்தெனியின் மேயர். ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு சீருடை. இருவருக்கும் ஒருவரையொருவர் ஆகாது. ஒரே கட்சியாகச் சேர்க்க எடுத்த முயற்சி ஒவ்வொன்றும் யார் தலைவர் என்ற இடத்தில் உடைந்தது. தோரியோ ஜெர்மன் சீருடை அணிந்து ரஷ்ய முனைக்கே போனார். அப்படிப் புறப்பட்ட தன்னார்வப் படைக்கு 1941 ஆகஸ்ட் 27-ல் வெர்சாயில் விழா. பொல் கொலெத் என்ற இளைஞன் படையில் சேருவதுபோல வரிசையில் நின்று லாவாலையும் தெயாவையும் சுட்டான். இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள்.

ஜெர்மானியருக்கு இந்தப் பிளவு பொக்கிஷம். பாரிஸ் கூட்டத்தை ஆட்சியில் வைக்க அவர்களுக்கு அவசரமே இல்லை. விஷி முரண்டு பிடித்தால், சரி, தோரியோவைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வார்த்தை போதும். லாவால் இறங்கி வருவார்.

திருமலைராயனாறு · பதிவு 8

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. காரைக்கால்காரன். இந்தப் பிளவு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் போன்வேன் தெ கோல் பக்கம் சேர்ந்தார். காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் அவரோடு. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா, வேறு முடிவு எடுத்திருந்தால் பட்டினிதான். ஆனால் என் தாத்தா அப்போது சைகோனில் பிரெஞ்சு நிர்வாகத்தில் குமாஸ்தா. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே போலீசிலும் வரி வசூலிலும் தபாலிலும் இருந்தார்கள். இந்தோசீனாவின் ஆளுநர் அட்மிரல் தெக்கூ பெட்டேன் பக்கமே நின்றார். ஜப்பானியப் படையும் உள்ளே வந்துவிட்டது.

ஆக, புருஷன் ஒரு பிரான்சில், பெண்டாட்டி இன்னொரு பிரான்சில். 1941 கடைசிக்குப் பிறகு கடிதமே வரவில்லை என்று அப்பாயி சொல்வார். பணமும் வரவில்லை. காதில் இருந்த தோடு முதலில் போயிற்று, அப்புறம் வீட்டுப் பின்பக்கத்து தென்னந்தோப்பு அடமானம்.

தாத்தாவின் பிஸ்கட் டப்பாவில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. 1939-ல் கொடுத்த பணி ஆணையில் "பிரெஞ்சுக் குடியரசு" என்ற முத்திரை. 1943-ல் கொடுத்த சம்பள உயர்வு ஆணையில் "பிரெஞ்சு அரசு" என்று மட்டும். குடியரசு என்ற சொல்லைக் காணோம். சின்ன வயதில் அது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

மணிமுத்தாறு · பதிவு 9

திருமலைராயனாறு அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. எழுதியதற்கு நன்றி. தாத்தா திரும்பி வந்தாரா?

மற்றவர்களிடம் இன்னொரு கேள்வி. லாவால் 1942-ல் திரும்பி வந்த பிறகு, வெளிநாட்டு யூதர்களைக் கொடுத்து பிரெஞ்சு யூதர்களைக் காப்பாற்றினார் என்ற வாதத்தை இன்றும் சிலர் தொலைக்காட்சியில் பேசுகிறார்களே. உள்ளுக்குள் அதற்கு எதிர்ப்பு இருந்ததா?

கடற்கரைச்சாலை · பதிவு 10

அமைச்சரவையில் எதிர்ப்பு இருந்திருக்க வேண்டிய நாள் 1942 ஜூலை 3. வெளிநாட்டு யூதர்களைக் கொடுக்கும் விஷயத்தை அன்று லாவால் சொன்னார், பெட்டேன் ஒப்புக்கொண்டார். முடிந்தது.

அதற்கு முன்பே காவல்துறைச் செயலர் ரெனே பூஸ்கே நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர்களோடு பேரம் பேசியிருந்தார். அவர் கவலை, பிரெஞ்சுப் போலீஸ் பிரெஞ்சு ஆணையில்தான் இயங்க வேண்டும் என்பது. இறையாண்மையைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, பிடிக்கிற வேலையை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். ஜூலை 16, 17 இரண்டு நாளில் பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். வாசல் கதவைத் தட்டியது பிரெஞ்சுப் போலீஸ். குடும்பங்களைச் சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். ஜூலை வெயில், கண்ணாடிக் கூரை, குடிக்கத் தண்ணீர் போதவில்லை, கழிப்பறை போதவில்லை.

குழந்தைகளை ஜெர்மானியர் முதலில் கேட்கவில்லை. 16 வயதுக்குட்பட்டவர்களையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்வந்தவர் லாவால். குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பதற்காக என்று பின்னால் சொன்னார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிரான்சில் பிறந்தவர்கள், பிரெஞ்சுக் குடிமக்கள். நடந்தது என்ன தெரியுமா? முகாமில் தாய்களை முதலில் அனுப்பிவிட்டு, குழந்தைகளைத் தனியே விட்டார்கள். பெயர் சொல்லத் தெரியாத இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள். பிறகு அவர்களையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றினார்கள். "காப்பாற்றினார்" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் குழந்தைகளின் குடியுரிமை என்ன என்று கேளுங்கள்.

எதிர்ப்பு வந்தது, அரசுக்கு வெளியே இருந்து. தூலூஸ் பேராயர் சல்யேஜ் 1942 ஆகஸ்டில் தன் மறைமாவட்டக் கோயில்களில் ஒரு சுற்றுக்கடிதம் படிக்கச் செய்தார். யூதர்களும் ஆண்கள், பெண்கள், நம்மைப் போன்றவர்கள் என்றார். அரசு தடுத்தும் படித்தார்கள். அதற்குப் பிறகுதான் லாவால் கொஞ்சம் தயங்க ஆரம்பித்தார். மொத்தம் பிரான்சிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் 76,000 பேர்.

செங்காந்தள் · பதிவு 11

அக்கா, பதிவு 5-க்கும் 10-க்கும் என்னிடம் பதில் இல்லை. வெய்கானைப் பற்றி நான் ஒரு பாதியை மட்டும் படித்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அல்ஜீரியப் பள்ளி விஷயம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் பிளவு போரில் என்ன செய்தது என்பதை நான் விடமாட்டேன். 1942 நவம்பர் 8-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இறங்கியபோது தார்லான், போலியோ வந்த மகனைப் பார்க்க அல்ஜியர்சில் இருந்தார். அடுத்த சில நாளில் ஒரே அரசிலிருந்து எத்தனை ஆணைகள் என்று பாருங்கள். பெட்டேன் வெளிப்படையாகச் சொன்னது: எதிர்த்துப் போரிடு. தார்லான் 10-ம் தேதி அங்கே சொன்னது: சண்டையை நிறுத்து. கடற்படை அமைச்சர் ஓஃபான் விஷியிலிருந்து ரகசியத் தந்தியில் தார்லானுக்குச் சொன்னது: மார்ஷல் மனதுக்குள் உன் பக்கம்தான். லாவாலோ பனிமூட்டத்தில் காரில் ஹிட்லரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். துனீசியாவில் இருந்த அட்மிரல்கள் எந்த ஆணை உண்மை என்று தெரியாமல் தவித்த நேரத்தில் ஜெர்மானியர் அங்கே இறங்கிவிட்டார்கள். 11-ம் தேதி தெற்கு பிரான்சும் போயிற்று.

27-ம் தேதி தூலோன் துறைமுகம். ஆப்பிரிக்காவுக்கு வா என்று தார்லான் கூப்பிட்டதை அங்கிருந்த கடற்படையின் தளபதி அட்மிரல் லபோர்த் மறுத்திருந்தார். அவருக்குப் பிரிட்டிஷார் மீது வெறுப்பு, தார்லான் மீதும் வெறுப்பு. ஜெர்மானியரிடம் கொடுக்கவும் மனமில்லை. ஜெர்மன் டாங்கிகள் விடியலில் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது 70-க்கும் மேற்பட்ட கப்பல்களை அவர்கள் கையாலேயே மூழ்கடித்தார்கள். தோல்வியிலும் பிரான்சிடம் முழுசாக மிஞ்சியிருந்த ஒரே பெரிய ஆயுதம் அந்தக் கடற்படை. இரண்டரை வருஷம் எல்லாரோடும் பேரம் பேச அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலைக்குள் அது கடலடியில்.

தார்லானை டிசம்பர் 24-ல் அல்ஜியர்சில் 20 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான்.

வாத்தியார்_ஓய்வு · பதிவு 12

செங்காந்தள், நல்ல பதிவு. தவறை ஒப்புக்கொண்டு அடுத்ததை வாதிடுவது இந்தத் தளத்தில் அரிது. மகிழ்ச்சி.

மீதியை நான் முடிக்கிறேன். 1942 நவம்பருக்குப் பிறகு அரசிடம் கப்பல் இல்லை, ஆப்பிரிக்கா இல்லை, சொந்த மண்டலம் இல்லை. சட்டத்தில் தனியாகக் கையெழுத்திடும் உரிமையும் லாவாலுக்குப் போயிற்று. இப்போது அவருக்குப் பாரிஸ் கூட்டத்திடமிருந்துதான் ஆபத்து. அதற்காகவே 1943 ஜனவரியில் தனக்கென்று மிலீஸ் படையை உருவாக்கி, தார்னானிடம் கொடுத்தார். பாம்புக்குப் பால் வார்த்த கதை. அந்த வருஷமே தார்னான் ஹிட்லருக்கு விசுவாச உறுதி எடுத்துக்கொண்டு எஸ்.எஸ்.ஸில் பதவி வாங்கிக்கொண்டார். பிப்ரவரியில் வந்த கட்டாய உழைப்புச் சட்டத்துக்குத் தப்பி இளைஞர்கள் காட்டுக்கு ஓட, அவர்களை வேட்டையாடும் வேலை மிலீசுக்கு.

1943 நவம்பர் 13-ல் பெட்டேன் கடைசியாக ஒன்று முயன்றார். தனக்குப் பிறகு அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே திரும்பும் என்று வானொலியில் அறிவிக்கத் திட்டம். இலக்கு லாவால்தான். ஜெர்மானியர் தடுத்தார்கள். மக்கள் வானொலியைத் திறந்தால் இசை நாடகம் ஓடுகிறது! கோபத்தில் மார்ஷல் சில வாரம் எந்தக் கோப்பையும் தொடவில்லை. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிபென்ட்ராப் ஒரு கடிதம் எழுதினார், மார்ஷல் பணிந்தார். அதன் விலை: தார்னான் காவல்துறையின் உச்சியில், வானொலிப் பேச்சாளர் ஆன்ரியோ தகவல் துறையில், மார்ச்சில் தெயா தொழிலாளர் துறையில். மூன்று வருஷம் வெளியே நின்று திட்டியவர்கள் இப்போது மேசையைச் சுற்றி.

1944 ஜூலை 7-ல் முன்னாள் அமைச்சர் ழோர்ழ் மாந்தெல்லை, யூதர், 1940-ல் போரைத் தொடர வேண்டும் என்றவர், மிலீஸ்காரர்கள் காட்டுப் பாதையில் கொன்றார்கள். 12-ம் தேதி கடைசி அமைச்சரவை. லாவால் அதிர்ந்துபோயிருந்தார். தெயாவும், பாரிசில் விஷி அரசின் பிரதிநிதியாக இருந்த பிரினோனும் லாவாலை நீக்கச் சொல்லி அறிக்கை சுற்றுக்கு விட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 6-ல் பெட்டேன், மிலீஸ் செய்யும் கொடுமைகளைப் பட்டியலிட்டு லாவாலுக்குக் கடிதம் எழுதினார். தார்னான் அனுப்பிய பதிலின் சாரம் இது: நான்கு வருஷம் நாட்டின் நன்மைக்காக என்று என்னைத் தட்டிக்கொடுத்தீர்கள், அமெரிக்கர்கள் பாரிஸ் வாசலுக்கு வந்ததும் நான் வரலாற்றின் கறை என்கிறீர்கள், இதை முன்பே யோசித்திருக்கலாமே. தார்னான் மேல் எனக்கு ஒரு துளி இரக்கம் கிடையாது. ஆனால் அந்த வரிக்குப் பெட்டேனிடம் பதில் இருந்திருக்காது.

அதே மாதம் அவர்களை ஜெர்மானியர் கொண்டுபோனார்கள். டான்யூப் ஓரம் சிக்மரிங்கன் கோட்டை. அங்கேயும் மாடிக் கணக்குத்தான். மேல்மாடியில் பெட்டேன், நான் கைதி, வேலை செய்யமாட்டேன் என்று. கீழே லாவால், அவரும் அப்படியே. இன்னும் கீழே பிரினோன், தார்னான், தெயா சேர்ந்து நாடே இல்லாத ஓர் அரசை நடத்தினார்கள். தோரியோ அங்கே வரவே மறுத்து கான்ஸ்டன்ஸ் ஏரியில் ஒரு தீவில் தனி அரசுக்கு ஆள் சேர்த்தார். 1945 பிப்ரவரி 22-ல், ஒருவழியாகச் சமரசம் பேசப் போன வழியில், அவர் கார் மீது விமானத்திலிருந்து சுட்டார்கள். இறந்துபோனார்.

தார்னான் அக்டோபர் 10-லும் லாவால் 15-லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெட்டேனின் மரண தண்டனை ஆயுளாக மாறியது. பூஸ்கேவுக்கு ஐந்து வருஷம் குடிமை உரிமைகள் இழப்பு, அதையும் உடனே தள்ளுபடி செய்தார்கள். பிறகு வங்கியில் பெரிய பதவி.

திருமலைராயனாறு · பதிவு 13

மணிமுத்தாறு தம்பி கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிந்தது.

வந்தார். பெட்டேன் சிக்மரிங்கனில் இருந்தபோதும் சைகோனில் தெக்கூ ஆட்சி நடந்துகொண்டுதான் இருந்தது. 1945 மார்ச் 9 இரவு ஜப்பானியர் அதைக் கவிழ்த்தார்கள். தாத்தா சில மாதம் ஒளிந்து வாழ்ந்து, 1946-ல் கப்பல் பிடித்து வந்தார். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது, பார்த்ததும் யாரோ என்று அப்பாயி பின்னால் போய் ஒளிந்துகொண்டாராம். ஓய்வூதியம் கேட்டு புதுச்சேரிக்கு எழுதியபோது, நடுவில் இருந்த நான்கு வருஷப் பணியை எந்த அரசின் கணக்கில் எழுதுவது என்று ஓர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. அந்தக் கடிதமும் டப்பாவில் இருக்கிறது. தாத்தா அதன் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.